நார்மல் தீதி

அணிமா ஹால்தாரை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அணிமா என்று கூப்பிட்டதில்லை. ரத்தப் பிரிவின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'நார்மல் தீதி', அதாவது நார்மல் அக்கா, என்று பெயர். வார்டு சிஸ்டர்கள் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அப்படித்தான். பெயர் வைத்தவன் கேலியாகத்தான் வைத்தான். போகப் போகக் கேலி தேய்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

காரணம் ஒரு பதிவேடு. ரத்தப் புற்றுநோய்க்காரர்களின் வெள்ளை அணுக்களைச் சீண்டிப் பார்க்கும் சோதனை ஒன்று அங்கே நடந்துவந்தது. நோயாளியின் ரத்தத்தில் ஒரு மருந்துச் சொட்டை விடுவார்கள். அது அணுவை உசுப்பிவிடும் மருந்து. கூடவே மஞ்சள் சாயம் ஒன்றையும் கலந்து, உடம்புச் சூட்டில் வைத்த தண்ணீர்த் தொட்டியில் குழாயை நிறுத்துவார்கள். ஆரோக்கியமான அணு என்றால் கிருமியைக் கண்டதுபோலச் சீறும். சீறிய சீற்றத்தில் அதற்குள்ளே போன மஞ்சள் சாயம் கருநீலமாக மாறிவிடும். நோய் பிடித்த அணு எதைக் கொட்டினாலும் அசையாது, வெளிறியபடி கிடக்கும். மைக்ரோஸ்கோப்பில் நூறு அணுக்களை எண்ணி, எத்தனை நீலம் என்று எழுதவேண்டும். அதுதான் அணிமாவின் வேலை.

ஆனால் நோயாளியின் ரத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. அன்றைக்கே, அதே மருந்தில், அதே தண்ணீரில், நல்ல ஆள் ஒருவரின் ரத்தத்தையும் வைத்துப் பார்க்கவேண்டும். இல்லையென்றால் கெட்டுப்போனது அணுவா மருந்தா என்று யாராலும் சொல்ல முடியாது. பதிவேட்டில் அதற்குத் தனிப் பத்தி உண்டு. தலைப்பு 'நார்மல்'.

ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு நாள் கை நீட்டினார்கள். பிறகு ஒருவருக்குத் தலைசுற்றல், ஒருவருக்கு விரதம், ஒருவருக்கு நேற்றுத்தான் சளி. தினமும் காலையில் யாரிடமாவது போய் நின்று ரத்தம் கேட்பது அணிமாவுக்கு நாக்கு எழாத காரியம். அதைவிட ரப்பர் பட்டையின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு தன் இடக்கையைத் தானே கட்டிக்கொள்வது சுலபமாக இருந்தது. பதினோரு வருஷமாக அந்தப் பத்தியில் ஒரே பெயர். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றொன்று.

பெல்காச்சியாவில் ஒரு வீட்டு மாடியில் ஓர் அறை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. தம்பி துர்காபூரில் இரும்பாலை உத்தியோகத்தில் இருந்தான். துர்கா பூஜை முடிந்ததும் விஜயதசமி வாழ்த்தாக வருஷம் தவறாமல் அவளுக்கு ஒரு கடிதம் போடுவான், வணக்கங்களோடு நாலு வரி. கல்யாணம் என்று ஒன்று இரண்டு முறை பேச்சு வந்து நின்றுபோனது. நாற்பத்திரண்டு வயதில் அவள் காலை ஒன்பது மணிக்கு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தால், ஒன்றரை மணிக்குப் பொரியும் வெள்ளரிக்காயும் தின்ன நிமிர்வாள். அவள் எண்ணிய அணுக்களுக்குச் சொந்தக்காரர்கள் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. சீட்டில் பெயரும் படுக்கை எண்ணும் இருக்கும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆவணி மாசத்தில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. வேலை செய்த இடத்திலேயே ஒட்டியிருக்கவேண்டும். ஆறு வாரம் படுக்கை. வீட்டுக்காரம்மா படிக்கட்டில் பார்லித் தண்ணீரை வைத்துவிட்டு, "அணிமா, வச்சிருக்கேன், எடுத்துக்கோ. டம்ளரை நீயே கழுவி உன்கிட்டயே வச்சுக்கோ" என்று கீழேயிருந்து குரல் கொடுப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஒரு தடவை கடைநிலை ஊழியர் பரிமள் வந்தார். விடுப்புத் தாளைக் கதவருகில் நின்று நீட்டினார். உள்ளே வரவில்லை.

"பெரிய டாக்டர் ஒண்ணு சொல்லச் சொன்னாரு தீதி. உடம்பு தேறி வந்தாலும் இனிமே உங்க ரத்தத்தை நார்மலா வைக்கக் கூடாதாம்."

"அப்போ யார் குடுக்கறது?"

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. நீங்க உடம்பைப் பாருங்க." ஒரு படி இறங்கியவர் திரும்பி, "பேரை மாத்தணும் போலிருக்கே உங்களுக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவளும் சிரிக்கத்தான் முயன்றாள். பரிமள் தெருமுனை திரும்பும் வரை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுப்பு முடிந்த நாள் துர்கா பூஜையின் சப்தமி. கூடம் தசமி வரை அடைப்பு. அவள் வரவேண்டியதே இல்லை. ஆனால் மாடியறையின் நேர் எதிரில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஊரே புதுத்துணி கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. காவலாளியிடம் சாவி வாங்கிக் கூடத்தைத் திறந்தாள். மேசையைத் துடைத்தாள். பிறகு பழக்கதோஷத்தில் பதிவேட்டைப் பிரித்தாள்.

அவள் இல்லாத ஆறு வாரமும் சோதனைகளைச் செய்தது லாஹிரி. புதிதாக வந்த சின்ன டாக்டர், கெட்டிக்காரர், அவசரக்காரர். நார்மல் பத்தியில் முதல் இரண்டு வாரத்துக்கு வேறு யார் யார் பெயரோ இருந்தன. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரே சோதனைதான், அதிலும் பெயரில்லை, எண் மட்டும். தொண்ணூற்றிநாலு. அடுத்ததும் தொண்ணூற்றிநாலு. அதற்கடுத்ததும், அதற்கடுத்ததும்.

அணிமா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்தில் அவளுக்கே இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எண் வந்ததில்லை. லாஹிரி யாருடைய ரத்தத்தையும் வைக்கவில்லை. அவளுடைய கடைசி எண்ணை எடுத்துத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்.

அந்த நாலு நாளின் நோயாளிகளையும் பார்த்தாள். பதினொன்று, ஏழு, பத்து, ஒன்பது. நாலு பேருக்கும் அணு அசையவில்லை. முதல் மூவரும் புதிதாகச் சேர்ந்தவர்கள், நோய் உறுதியானவர்கள், அவர்கள் விஷயத்தில் இந்தச் சோதனையால் ஆவது ஒன்றுமில்லை. நாலாவது பெயர் மோக்ஷதா பைராகி, இருபத்தொன்பது வயது, பெண்கள் வார்டு, படுக்கை பதினேழு. இரண்டு மாதக் கடுமையான மருந்துக்குப் பிறகு அவள் உடம்பில் புதிதாக ஊறிவரும் வெள்ளை அணுக்கள் நல்லவையா, பழைய நோயின் மிச்சமா என்று தெரிந்துகொள்ளத்தான் சோதனை. எதிரே லாஹிரியின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது: 'அணுக்கள் பதிலளிக்கவில்லை. சிகிச்சைக்குப் பலனில்லை.'

எழுந்துபோய் உறைபெட்டியைத் திறந்தாள். உசுப்பும் மருந்து இருந்த சின்னப் புட்டியின் வெள்ளித்தாள் சுருங்கியிருந்தது. சீட்டில் எழுதிய மை கரைந்து வழிந்து அப்படியே மறுபடி உறைந்திருந்தது. பூஜைக்கு முந்தைய வாரங்களில் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று படுக்கையில் புழுங்கிக் கிடந்த அவளுக்குத் தெரியும். பெட்டிக்குள் எல்லாம் உருகி உறைந்து, உருகி உறைந்து போயிருக்கிறது.

பெண்கள் வார்டுக்கு உள்தொலைபேசியில் கூப்பிட்டாள். எடுத்தது அலேயம்மா சிஸ்டர். கேரளத்துக்காரி. பூஜைக்கு எல்லாரும் லீவு கேட்பதால் வருஷா வருஷம் அந்த நாலு நாளும் அவள்தான் வார்டு.

"பதினேழா? டிஸ்சார்ஜ் எழுதியாச்சே. நவமி காலைல புருஷன் கூட்டிட்டுப் போறான். கிருஷ்ணநகர் பக்கம் ஏதோ கிராமம். நாலு நாள் வீட்ல இருக்கட்டும்னு லாஹிரி டாக்டர் சொல்லிட்டாரு. நாலு நாள்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

"டாக்டர் எங்கே?"

"ஜாம்ஷெட்பூர். மாமனார் வீடு. பெரிய டாக்டர் குடும்பத்தோட புரிக்குப் போயிருக்காரு. எதுக்குக் கேக்கறே?"

"சோதனையில எனக்கு ஒரு சந்தேகம்."

"அப்படின்னா சீக்கிரம் தீத்துக்கோ நார்மல் தீதி. நாளை மறுநாள் காலைல எட்டு மணிக்கு வண்டி வருது."

செய்யவேண்டியது என்னவோ எளிதுதான். நல்ல மருந்துக் குப்பி ஒன்று முத்திரை உடையாமல் கண் வங்கியின் குளிர்பெட்டியில் இருந்தது. அங்கே ஜெனரேட்டர் உண்டு என்பதால் இரண்டு வருஷத்துக்கு முன் அவளேதான் கேட்டு வைத்தது. மோக்ஷதாவின் ரத்தம் வேண்டும், கிடைக்கும். நல்ல ஆள் ஒருவரின் ரத்தம் வேண்டும். எடுத்து ஒரு மணி நேரத்துக்குள், சூடு ஆறாமல். ரத்த வங்கியில் குளிரில் கிடக்கும் புட்டிகள் இதற்கு உதவாது. அவளுடைய கையும் உதவாது.

அதுவரை யாரையும் எதுவும் கேட்டிராத அணிமா, மறுநாள் அஷ்டமி காலையில் கேட்கப் புறப்பட்டாள்.

வீட்டுக்காரம்மா அம்மன் சிலை முன் புஷ்பாஞ்சலி செய்யப் பூத்தட்டோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். "என்னது? மகா அஷ்டமி அன்னிக்கு ரத்தமா? உனக்குக் காமாலை தலைக்கு ஏறிடுச்சா?" காவலாளி கையெடுத்துக் கும்பிட்டான். "நேத்து ராத்திரி கொஞ்சம் உள்ளே போயிடுச்சு தீதி. என் ரத்தத்தை வச்சீங்கன்னா மருந்துக்கே போதை ஏறும்." அலேயம்மா கையை நீட்டத் தயாராக இருந்தாள். ஆனால் ஆஸ்துமாவுக்கு அவள் தின்னும் மாத்திரை அணுக்களை மந்தப்படுத்தும். "என் ராசி அப்படி. போ, ஊர்ல லட்சம் பேர் சுத்தறாங்க இன்னிக்கு" என்றாள்.

லட்சம் பேர் சுற்றத்தான் செய்தார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே சாலை தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. புதுப்புடவையின் கஞ்சி வாசனை, எண்ணெயில் பொரியும் வாசனை, பலூன்காரனின் பீப்பி. அணிமா நடைபாதை ஓரத்தில் நின்று, கடந்துபோகும் கைகளைப் பார்த்தாள். மடக்கிய முழங்கைகளில் பச்சை நரம்புகள். எல்லாம் நல்ல ரத்தம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறு சீறும். அதில் ஒரு சிறிய குழாய் அளவு போதும். யாரிடம் போய் எப்படி ஆரம்பிப்பது?

கனிவான முகமாகத் தெரிந்த ஒரு பெண்ணை நெருங்கி, "ஒரு உதவி, கொஞ்சம் ரத்தம்..." என்று தொடங்கினாள். அந்தப் பெண் அவளுடைய மஞ்சள் பாய்ந்த கண்களைப் பார்த்தாள். குழந்தையைத் தன் மறுபக்கத்துக்கு இழுத்துக்கொண்டு, "இங்கேயும் வந்துட்டாங்க" என்று கணவனிடம் சொல்லியபடி போய்விட்டாள்.

அணிமா கூட்டத்திலிருந்து ஒதுங்கி, ஆஸ்பத்திரிக்கு எதிரே போட்டிருந்த பூஜைப் பந்தலின் பின்பக்கம் போனாள். துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் மூங்கில் கழிகளும் செங்கல் குவியலும் கிடந்தன. செங்கல் மேல் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்து, தொன்னையில் கிச்சடி தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய டாக் மேளம், வெள்ளை இறகுகள் சொருகியது. பூஜைக்காக வெளியூரிலிருந்து வரும் மேளக்காரர். அடித்து அடித்து முறுக்கேறிய கைகள். முழங்கை மடிப்பில் நரம்பு கயிறு போலத் தெரிந்தது.

அவள் அந்த நரம்பையே பார்ப்பதைக் கண்டு அவர் தொன்னையைக் கீழே வைத்தார்.

"என்ன தீதி, கிச்சடி வேணுமா? அந்தப் பக்கம் வரிசையில குடுக்கறாங்க."

"கிச்சடி வேண்டாம். உங்க கையிலேருந்து கொஞ்சம் ரத்தம் வேணும்."

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் நோய் இல்லியே."

"அதனாலதான் கேக்கறேன்."

அணிமா சொன்னாள். மோக்ஷதாவைப் பற்றி, மருந்தைப் பற்றி, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டும் என்பதைப் பற்றி. ஆறு வாரத்தில் அவள் இவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதில்லை. மூச்சு வாங்கியது. அவர் விரலை நக்கிக்கொண்டே கேட்டார்.

"எந்தக் கைலேருந்து எடுப்பீங்க?"

"எந்தக் கையானாலும் சரி."

"அப்போ இடது. வலது கை துர்கா அம்மாவுக்கு. அஞ்சு மணிக்கு, அஷ்டமி முடிஞ்சு நவமி பொறக்கற நேரத்துல, சந்தி பூஜை. நான் மேளம் அடிக்கணும், அதுக்குள்ள விட்டுடணும். நான் தூலால் பாத்யகர், பாங்குரா ஜில்லா." எழுந்தவர் சற்றுத் தயங்கினார். "எங்க ஜாதி ரத்தம் ஆகுமா, தீதி? சில இடத்துல கிணத்துத் தண்ணியே குடுக்க மாட்டாங்க."

"கடந்த பத்து நாள்ல காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?" என்றாள் அணிமா.

"இல்ல."

"மருந்து மாத்திரை?"

"அதுவும் இல்ல."

"அப்போ வாங்க."

டாக்கை அவர் விட்டு வரமாட்டேன் என்றார். இறகு நிலைப்படியில் இடிக்காமல் மெதுவாகத் திருப்பித் திருப்பிக் கூடத்துக்குள் கொண்டுவந்து, பதிவேடுகள் இருந்த அலமாரியோரம் நிறுத்தினார். ஊசி ஏறியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரை உட்காரவைத்துவிட்டு அணிமா வார்டுக்கு ஓடினாள்.

படுக்கை பதினேழில் ஒரு மெலிந்த பெண் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். முடி கொட்டிய தலையில் புதிதாகப் பூனைமயிர் போல அரும்பியிருந்தது. கணவன் நிவாரண் பாத்திரங்களைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"மறுபடியுமா?" என்றாள் மோக்ஷதா. "நாளைக்கு நான் ஊருக்குப் போறேன்கா."

நிவாரண் நிமிர்ந்தான். "எதுக்குங்க இன்னும் குத்தறீங்க? அதான் சொல்லிட்டாங்களே."

"ஒரு சந்தேகம்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். டாக்டர் கோட்டு இல்லை. கழுத்தில் ஒன்றும் தொங்கவில்லை. அதற்குள் மோக்ஷதா கையை நீட்டிவிட்டாள். பதினோரு வருஷத்தில் அணிமா ஒரு நோயாளியின் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. கை சுட்டது.

நாலு குழாய் வைத்தாள். தூலாலின் ரத்தம் இரண்டில், மோக்ஷதாவின் ரத்தம் இரண்டில். ஒவ்வொருவருக்கும் ஒன்றில் உருகிக் கெட்ட பழைய மருந்து, ஒன்றில் கண் வங்கியிலிருந்து கொண்டுவந்த புதிய மருந்து. கெட்டது எது என்பதை இனி குழாய்களே சொல்லவேண்டும். தண்ணீரின் சூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் புட்டியில என்ன இருக்கு?" என்று கேட்டார் தூலால்.

"நேர்வாளம் தெரியுமா? அந்த விதையோட எண்ணெயிலிருந்து எடுக்கறது."

"நேர்வாளமா!" அவர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "எங்க ஊர்ல மாட்டுக்கே அரை விதைதான் குடுப்போம். நீங்க என் ரத்தத்துக்குப் பேதி மருந்தா குடுத்திருக்கீங்க?"

அணிமா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. தூலாலும் சிரித்தார். "உங்க கண்ணுல மஞ்சள் இன்னும் இருக்கு தீதி. நெல்லிக்காய் தின்னுங்க" என்றார். அவள் உடம்பைப் பற்றி நேருக்கு நேர் பார்த்து யாரோ பேசி வெகுநாளாகியிருந்தது.

நேரம் ஆனதும் குழாய்களை எடுத்து, ஸ்லைடில் இழுத்து, உலர்த்தி, சிவப்புச் சாயம் ஏற்றினாள். முதலில் தூலாலின் ரத்தத்தில் பழைய மருந்து. குனிந்து எண்ணினாள். வெளிறிய அணுக்கள், வரிசை வரிசையாக. நூற்றுக்குப் பன்னிரண்டு நீலம். பாங்குராவிலிருந்து டாக் சுமந்து வந்த இந்த மனிதருக்குப் பன்னிரண்டு! அடுத்தது அதே ரத்தத்தில் புதிய மருந்து. பார்வையைச் சரிசெய்தவுடனேயே கருநீலம் கண்ணில் அடித்தது. எண்ணவேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் எண்ணினாள். தொண்ணூற்றிமூன்று.

"பாக்கறீங்களா?" என்றாள். அந்த மைக்ரோஸ்கோப்பில் அவள் யாரையும் பார்க்கச் சொன்னதில்லை.

தூலால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இந்தக் கறுப்பெல்லாம் என்னோடதா?"

"உங்களோடதுதான்."

"கோபத்துல கறுத்துப்போச்சா?"

"ஆமா."

"வீட்டுல போய்ச் சொன்னா நம்பமாட்டா. எனக்கு ரோஷமே கிடையாதுன்னு இருபது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கா." நிமிர்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "அந்தப் பொண்ணோடது?"

"இன்னும் காயலை."

அதற்குள் வெளியே பந்தல் பையன் ஒருவன் மேளக்காரரைத் தேடிக் கத்துவது கேட்டது. தூலால் டாக்கைத் தோளில் மாட்டினார். "அம்மா கூப்பிடறா. எத்தனைன்னு வந்து சொல்லுங்க தீதி. எனக்குத் தெரியணும்" என்று சொல்லிவிட்டு, இறகை ஒரு கையால் அணைத்தபடி தாழ்வாரத்தில் ஓடினார்.

மோக்ஷதாவின் முதல் ஸ்லைடு, பழைய மருந்து: எட்டு. லாஹிரி கண்ட ஒன்பதைப் போலத்தான். இரண்டாவது ஸ்லைடை எடுத்து வைத்தாள். மருந்துதான் கெட்டது என்று நிரூபித்தாயிற்று. ஆனால் அணுவும் கெட்டிருந்தால்? மருந்து கெட்டுப்போனதால் மோக்ஷதா பிழைத்துவிடப் போவதில்லை.

வெளியே சந்தி பூஜைக்கு டாக் எழுந்தது. அணிமா எண்ணத் தொடங்கினாள். நீலம். நீலம். வெளிறல். நீலம். நீலம் அவ்வளவு அடர்த்தியாக இல்லை, ஆனால் நீலம்தான். எழுபத்தொன்று. நம்பாமல் ஸ்லைடின் மறுகோடியில் இன்னொரு நூறு எண்ணினாள். அறுபத்தெட்டு.

நிமிர்ந்தாள். சொல்வதற்குக் கூடத்தில் யாருமில்லை. தூலால் உட்கார்ந்த ஸ்டூல் இருந்தது. தரையில் ஒரு வெள்ளை இறகுத் துணுக்கு கிடந்தது.

வார்டில் அவள் சொன்னதைக் கேட்டு நிவாரண் சந்தோஷப்படவில்லை. கோபப்பட்டான். "போன்னு நீங்கதான் சொன்னீங்க. ஊருக்கு ஆள் அனுப்பிட்டேன். அவ அம்மா அழுது முடிச்சாச்சு. இப்போ இருன்னு சொல்றீங்க. இருந்தா பொழச்சுப்பாளா? சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாது" என்றாள் அணிமா. "டாக்டருங்க அன்னிக்குச் சொன்னது தப்புன்னு மட்டும் தெரியும். புது அணு வேலை செய்யுது. முக்கால்வாசி வேலை செய்யுது. மறுபடி எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பாக்கணும். அதுக்குள்ள கூட்டிட்டுப் போகாதீங்க."

"முக்கால்வாசியா?" என்றாள் மோக்ஷதா, படுத்தபடியே.

"ஆமா."

"அப்போ நான் இருக்கேன்." சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நிவாரண் மூட்டையின் முடிச்சையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிரிக்க ஆரம்பித்தான்.

அலேயம்மா சீட்டில் எழுத வேண்டியதை எழுதினாள். "கையெழுத்து யாரோடது போட?" என்று கேட்டாள். டாக்டர் யாரும் ஊரில் இல்லை. அணிமா பேனாவை வாங்கித் தன் முழுப்பெயரை எழுதினாள். அலேயம்மா அதைப் படித்துப் பார்த்தாள். "அணிமாவா உன் பேரு?" என்றாள்.

அன்று சாயங்காலம் எத்தனை என்று சொல்ல அணிமா பந்தலுக்குப் போனாள். சந்தி பூஜைக்கு ஏற்றிய நூற்றெட்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. தூலால் கண்ணை மூடி அடித்துக்கொண்டிருந்தார். உடம்பு முழுக்க வேர்வை. கூட்டம் நெருக்கித் தள்ளியது. அரைமணி நேரம் நின்றாள். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. "பெண்கள் அந்தப் பக்கம் போங்க, வழிய விடுங்க" என்று பூஜைச் சங்கத்துக்காரன் ஒருவன் விரட்ட, வீட்டுக்கு வந்துவிட்டாள். நவமியன்று நிமிர்ந்தால் தலை சுற்றியது, படுத்துவிட்டாள். தசமியன்று எழுந்து போனபோது பந்தலில் சிலை இல்லை, கரைக்கக் கொண்டுபோயிருந்தார்கள். மேளக்காரர்களும் இல்லை. மூங்கிலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விடுமுறை முடிந்து பெரிய டாக்டர் வந்தார். நாலு ஸ்லைடையும் தானே எண்ணினார். லாஹிரியை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். வெளியே வந்த லாஹிரி நேராக அணிமாவின் மேசைக்கு வந்து நின்றார்.

"ஜாம்ஷெட்பூருக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே, அணிமா தீதி."

"நம்பர் தெரியாது டாக்டர்."

அவர் போகாமல் நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கையை மேசைமேல் வைத்தார். "இன்னிக்கு நார்மலுக்கு என்னோடது எடுத்துக்குங்க" என்றார். மன்னிப்பு என்று அவர் கேட்டது அவ்வளவுதான். அவளும் மேற்கொண்டு எதிர்பார்க்கவில்லை.

மோக்ஷதாவின் எலும்பு மஜ்ஜையில் நோய் அடங்கியிருந்தது. அடுத்த சுற்று மருந்து கொடுத்தார்கள். மார்கழிக் குளிரில் அவள் தன் காலாலேயே நடந்து ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். அதன்பின் மூன்று வருஷம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள் பெயர் எழுதிய குழாய் வந்துகொண்டிருந்தது. எண்பத்தைந்து, எண்பத்தெட்டு. பிறகு வரவில்லை. வேறு ஊருக்குப் போனார்களா, நோய் திரும்பியதா, கூடத்தில் யாருக்கும் தெரியாது. அணிமா ஒரு கடிதம் போட்டாள். பதில் இல்லை.

நார்மல் பத்திக்கு ஆள் முறை வைத்தார்கள். பெயர் இல்லாமல் எண் எழுதினால் அறிக்கை வெளியே போகாது என்று சட்டமானது. இன்றைக்குப் பரிமள், நாளைக்கு லாஹிரி, வியாழக்கிழமை தட்டச்சு செய்யும் பெண். அவர்களாகவே வந்து கையை நீட்டினார்கள். அணிமா ஊசி போட்டாள், எண்ணினாள், எழுதினாள். யாரும் அவளை இப்போது நார்மல் தீதி என்று கூப்பிடுவதில்லை. அணிமா தீதி என்றார்கள். பழைய பெயரைத் தன் காது தேடுகிறது என்று அவளுக்கே சில நாள் தோன்றும்.

தூலால் ரத்தம் கொடுத்ததற்கு அடுத்த வருஷமே அந்தப் பந்தலுக்கு வேறு மேளக்காரர்களைப் பிடித்துவிட்டார்கள். பஞ்சமியன்று அணிமா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு சியால்தா ஸ்டேஷனுக்குப் போனாள். ரயிலிறங்கிய மேளக்காரர்கள் பந்தல்காரர்களுக்காக அங்கே வாசலில் காத்திருப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நூற்றுக்கணக்கான டாக்குகள். யார் விலை கேட்டு வந்தாலும் அந்தப் பக்கத்து மேளமெல்லாம் ஒரே சமயத்தில் அதிரும். அந்த இரைச்சலில் வரிசை வரிசையாக முகம் பார்த்துக்கொண்டு போனாள். பாங்குரா ஆட்கள் எங்கே என்று விசாரித்தாள். தூலால் பாத்யகரா, இந்தத் தடவை வரலை போலிருக்கே என்று ஒருவர் சொன்னார். அவர் சொல்வது வேறு தூலாலாகக்கூட இருக்கலாம். அவருக்கே நிச்சயமில்லை.

ஒரு முதியவர் தன் மேளத்தை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். "எந்தப் பந்தலுக்கு தீதி? சொல்லுங்க, நாலு நாளும் நான் அடிச்சுத் தரேன்."

"பந்தல் ஒண்ணும் இல்ல" என்றாள் அணிமா. "ஒருத்தர்கிட்ட ஒரு எண் சொல்ல வேண்டியிருந்தது."

முதியவருக்குப் புரியவில்லை. வேறு யாராவது வருகிறார்களா என்று அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அவருக்கு இடம் விட்டு அவள் ஒதுங்கினாள். மழை தூறத் தொடங்கியது. மேளங்களை எல்லாரும் தார்ப்பாயால் மூடினார்கள். அவள் குடையை விரித்துக்கொண்டு பெல்காச்சியா டிராமுக்காகச் சாலையைக் கடந்தாள்.